கண்ட நிலமும் கதை நிலமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தமிழ் மரபு. மாந்தரின் செயலும் உணர்வும் காலூன்றி நிற்க ஓர் இடம் வேண்டும் என்பது அதன் கருத்து. இக்கால நாவலுக்கும் இது பொருந்தும். நாவலாசிரியர் படைக்கும் ஊர் கற்பனையே ஆயினும், அதன் தெருவும் ஆறும் அவர் கண்ட நிலத்திலிருந்தே பிறக்கின்றன. கண்ட நிலம் கதை நிலமாகும் வகையினை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி, தாம் பிறந்த டார்செட் பகுதியையும் அதன் அண்டை நிலங்களையும் 'வெசெக்ஸ்' என்னும் பழம்பெயரால் அழைத்தார். டார்செஸ்டர் நகரம் அவர் கதைகளில் 'காஸ்டர்பிரிட்ஜ்' ஆயிற்று. இங்குப் பெயர் மாறியதேயன்றி நிலம் பெரிதும் மாறவில்லை.

சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் கையாண்ட முறை வேறு. 1935இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலிலேயே மால்குடி தோன்றிவிட்டது. சரயு ஆறு, மெம்பி மலை, மார்க்கெட் சாலை, கபீர் தெரு எனப் பின்வந்த நூல்களில் அவ்வூர் வளர்ந்தது. அமெரிக்காவின் அடெல்பி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபென்னலி அக்கதைகளை ஆராய்ந்து மால்குடிக்கு ஒரு வரைபடமே அமைத்தார். பெயரின் ஒலியொப்புமை கண்டு அது லால்குடி என்பாரும், மைசூர் என்பாரும் உளர். நாராயணோ அது முற்றிலும் கற்பனையூர் என்றே எழுதினார். ஓர் ஊரைப் படியெடுக்காமல் பல சிற்றூர்களின் பொதுச்சாயலைத் திரட்டியமையாலேயே, படிப்போர் ஒவ்வொருவரும் அதில் தம் ஊரைக் காண்கின்றனர் எனலாம்.

மூன்றாவது வகைக்குத் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) சான்றாவார். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலான 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை', அவர் பிறந்த குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தை நிலமாகக் கொண்டது. ஊரை அடக்கியாளும் முதலாளியை அதில் 'வடக்குவீட்டு' அகமதுக்கண்ணு என்றே அழைக்கின்றனர். திசைப்பெயர் அங்கு அதிகாரத்தின் பெயராகிறது. யார் வீட்டு முற்றத்தில் யார் நிற்கலாம் என்பதே அவ்வூரின் வரைபடம். நில அளவைத் துறையின் படத்தில் இதனைக் காண இயலாது.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஆரணி ஆற்றுக்கும் கொசத்தலை ஆற்றுக்கும் இடைப்பட்டது மீஞ்சூர் வட்டாரம். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் காட்டுப்பள்ளிக் கடற்கரையும் உள்ளன. வடகிழக்கே, 1613இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய பழவேற்காடு உள்ளது. ஒரு பெருநாவலுக்கு வேண்டிய நிலம் இது. ஆயின் இந்நிலம் நம் கண்முன்னே மாறி வருகின்றது. 1994 முதல் அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இயங்கத் தொடங்கின. நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் கிணறுகளில் கடலுவர் ஏறியது. இவற்றால் விளைந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. எனினும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் தோப்புக்கும் துறைக்கும் இருந்த பெயர்கள், அவற்றைச் சொல்லும் முதியோருடனே மறைந்துவிடும் நிலையில் உள்ளன.

தேங்காய்ப்பட்டணத்திற்கு ஒரு மீரான் வாய்த்தார். மீஞ்சூருக்கு வாய்க்கவிருப்பவர் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர் எழுதத் தொடங்கும் நாளில் கேட்டறிய எவரும் இல்லாது போகலாகாது. ஆதலின் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்ப் பெரியோரிடம் அமர்ந்து, மறைந்த வாய்க்கால்களையும் துறைகளையும் பெயரோடு கேட்டு ஒரு தாளில் வரைந்து வைப்பார்களாக. பெரியோரும் அயராது சொல்லி உதவ வேண்டுகிறோம். கதை பின்னர் வரட்டும். அது காலூன்ற வேண்டிய நிலத்தை முதலில் காப்போம்.