புழுவெட்டும் படர்தாமரையும்

திட்டுத்திட்டாக முடி உதிர்வதை அரபு மருத்துவர்கள் 'தாஉஸ் ஸஃலப்' (நரிநோய்) என்றனர். இப்னு ஸீனாவும் (இறப்பு 1037) 'அல்கானூன்' நூலில் இதனை ஆராய்கிறார். நாம் புழுவெட்டு என்கிறோம். ஆயினும் புழு ஏதுமில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்கால்களைத் தாக்குகிறது. அவ்விடம் வழுவழுப்பாயிருக்கும், பிறருக்குத் தொற்றாது.

அரிப்பு, செதில், ஒடிந்த முடி ஆகியவை சேர்ந்திருப்பின், குறிப்பாகச் சிறுவரிடம், அது பூஞ்சையால் வரும் படர்தாமரையாகலாம். சீப்பு, தொப்பி வழியே பரவும். பூஞ்சை முடியினுள்ளேயே குடியிருப்பதால் மேற்பூச்சு மட்டும் போதாது; மருத்துவர் மேற்பார்வையில் பல வாரங்கள் மருந்து உட்கொள்ள வேண்டும்.

செஞ்சியில் எம் மாணவரொருவர் புழுவெட்டுக்காகத் தொழுகை வரிசையில் ஒதுக்கப்பட்டார். தொப்பியைப் பகிராதிருப்போம், தோளை விலக்காதிருப்போம்.