உங்களுக்குத் தெரியுமா? 81 ஆண்டுகள் பிந்திய மாநாடு

பிரெஞ்சு ஓவியர் எமில் கோல் கையால் வரைந்த ‘ஃபான்டாஸ்மகோரி’ அனிமேஷன் படம் பாரிஸில் திரையேறியது 1908இல். அனிமேஷனை ஆராய்வதற்கென்றே 1987இல் தோன்றிய அறிஞர் சங்கம் தன் முதல் மாநாட்டைக் கூட்டியதோ 1989இல், லொஸ் ஏஞ்சலிஸில்! கோல் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டு நெகட்டிவாக அச்சிட்டார். திரையில் அது கரும்பலகையில் சோக்கட்டியால் வரைந்ததுபோல் தெரிந்தது. இத்தகைய கைநுட்பங்கள் செய்தவரோடு மறையாமல் இருக்க, வரைபவரும் ஆராய்பவரும் ஒரே மண்டபத்தில் அமர வேண்டும்.

“பெரிய ஸ்டூடியோ இல்லாத இடத்தில் மாநாடு எதற்கு?” என்று கேட்கலாம். கற்றல் முந்தினால் படைப்பு தானே வரும். 1956இல் டிஸ்னி ஓவியர் கிளேர் வீக்ஸ் பம்பாயில் பயிற்சி தந்தார். அங்கே 1957இலேயே, புத்தரின் முற்பிறப்பைக் கூறும் ஒரு ஜாதகக் கதை ‘தி பன்யன் டீர்’ என்ற படமானது. அந்த அறிஞர் சங்கமும் 2016இல், தமிழும் ஓர் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் கூடியது. இலங்கையரான நமக்கும் ஆய்வுப்பொருள் உண்டு: கண்டிக் கால விகாரைச் சுவர்களில் ஒரே பாத்திரம் நீண்ட பட்டையில் அடுத்தடுத்து வந்து ஜாதகக் கதையை நகர்த்துகிறது. கொழும்பு மட்டக்குளி மாணவருக்கும் அது எட்டாத பொருளல்ல.