ஓர் அறையில் மூன்று வகுப்புகள்

ஓர் அறை, ஓர் உபாத்தியாயர், அவர் முன்னே ஐந்து பிராயம் முதல் எட்டுப் பிராயம் வரையில் குழந்தைகள். இதைக் கண்டால் பெற்றோர் பலர் முகம் சுளிக்கின்றனர். "சின்னஞ்சிறுசுகளோடு உட்கார்ந்து எங்கள் பையன் என்ன கற்றுக்கொள்வான்?" என்கின்றனர். கேள்வி நியாயமானதே.

நம் முன்னோருக்கு இது புதுமையன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மணலில் 'அ' எழுதும். பக்கத்திலேயே மற்றொருவன் எண்சுவடி ஒப்பிப்பான். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குப் பாடம் சொல்வான்.

எழும்பூரில் 1789 முதல் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய டாக்டர் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் ஆசிரியர் அதனைக் கைக்கொள்ள இணங்காமற் போகவே, எட்டு வயதுச் சிறுவனொருவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். 1797-ல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் பின் 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவிற்று. ஆனால் அங்கே செலவுச் சுருக்கமே குறியாயிற்று. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். சட்டாம்பிள்ளைகளோ பாடம் ஒப்பிக்கும் யந்திரங்கள்! முறையின் மதிப்பு மங்கியதில் வியப்பில்லை.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று: மூத்த குழந்தை உபாத்தியாயருக்குத் துணையாகலாம், அவருக்குப் பதிலாகக் கூடாது.

தம்பிக்குக் கழித்தலை விளக்கும்போதுதான், பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்குவது ஏன் என்று அண்ணனுக்கே தெளிவாகிறது. அதுவரை அவனுக்கு லாபம். நாள் முழுதும் அதையே செய்தால், அவனுடைய படிப்புக்குரிய நேரம் களவு போகிறது. ஆகவே ஒரு கதையை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லி, பிறகு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம். சிறியவர் அதில் வரும் எழுத்தைத் தேடுவர். நடுவர் சொற்களைக் கோத்து வாக்கியம் அமைப்பர். பெரியவர் கதையைத் தம் நடையில் எழுதுவர். உபாத்தியாயர் ஒவ்வொரு குழுவுடனும் முறை வைத்து உட்காருவார். பெரியவரின் முறையை ஒருநாளும் தவறவிடார்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பாடங்கள் சிறு அட்டைகளாயின. ஏணிப் படத்தில் தன் படியைக் குழந்தையே கண்டுகொண்டது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமோ, குழந்தைகளைக் கற்ற அளவை நோக்கி அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது. ஒரே வயதினர் எல்லோரும் ஒரே படியில் நிற்பதில்லை என்ற உண்மையே இவற்றின் அடிப்படை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பையன் யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்று கேட்பதை விடுங்கள். "இன்று வாத்தியார் உனக்கென்று என்ன சொல்லிக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லையானால், தாராளமாகப் பள்ளிக்கு வந்து எங்களைக் கேளுங்கள்.