பெரிய ஸ்பீக்கர் மாட்டியும் பேஸ் ஏன் கேட்கவில்லை?

வாடிப்பட்டியைத் தாண்டி நாற்கரச் சாலையில் பைக் 80 கி.மீ. வேகம் பிடித்ததும் பாடகர் குரல் மட்டும் மிஞ்சுகிறது. தவில் காணாமல் போகிறது. ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றின் இரைச்சலில் தாழ்ந்த ஒலிகளே அதிகம். அவை தாளத்தை அமுக்கிவிடுகின்றன.

ஐந்தேகால் அங்குலத்துக்குப் பதில் ஆறரை அங்குல ஸ்பீக்கர் மாட்டினால் கூம்பின் பரப்பு ஒன்றரை மடங்காகும். கூடுதல் காற்றைத் தள்ளும். ஆனால் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கிறது. முதுகு திறந்திருந்தால் இரண்டு அலைகளும் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கும். பேஸ்தான் முதலில் போகும். அதனால் அளவைவிட, காற்றுக் கசியாத பெட்டியும் விளிம்பில் ரப்பர் வளையமுமே முக்கியம் என்பேன்.

ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். 85 டெசிபலுக்கு மேல் மணிக்கணக்கில் கேட்டால் காது கெடும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றிரைச்சலே அதைத் தாண்டிவிடுவதால், சத்தத்தைக் கூட்டுமுன் நல்ல விண்ட்ஷீல்டு போடுங்கள்.