‘ஓர்டினரிலி’ என்றொரு சொல்

‘அவர் அப்புத்தளையில் ஓர்டினரிலி வசிப்பவர்’ என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியமொன்றைத் தமிழாக்குமாறு வகுப்பிலே கொடுத்திருந்தேன். மாணவனொருவன், ‘அவர் அப்புத்தளையில் சாதாரணமாக வாழ்கிறார்’ என எழித்தந்தான்; ஆடம்பரமின்றி வாழ்கிறார் என்று பொருள் கொண்டானாம். லயக் காம்பிராவிற் பிறந்த பிள்ளை. சிவப்பு மையாற் கோடிட என் கை சற்றே தயங்கிற்று.

இலத்தீனில் ‘ஓர்டோ’ என்றால் ஒழுங்கு, வரிசை. அன்றாட ஒழுங்கின்படி நிகழ்வதே ஓர்டினரிலி நிகழ்வது. ஒருவர் ஓர்டினரிலி பெரட்டுக்குப் போகிறவர் என்றால், காய்ச்சல் கண்ட நாளிற் போகாதிருக்கலாம்; அதனால் வழக்கம் அழிந்துவிடாது. விதிவிலக்குக்கும் இடம்வைத்துப் பேசும் பெருந்தன்மையான சொல் அது. ‘வழக்கமாக’ என்பதே அதற்கு ஏற்ற தமிழ்.

இந்தச் சிறு சொல் நம் மலையகத்தாரின் தலையெழுத்தோடு பிணைந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை, தாமோ பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்தியாவிற் பிறந்திருக்க, அந்நாட்டுக்கு வெளியே ‘ஓர்டினரிலி’ வசிப்பவர், தூதரகத்திற் பதிந்து இந்தியக் குடியுரிமை பெறலாம் என்றது. இலங்கையின் 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமோ வேறொரு சொல்லைப் பற்றிக்கொண்டது: ‘இடையறாது’. 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வசித்திருக்க வேண்டும். ஒரே முறையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிட்டியது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. அந்த ஒரு நிபந்தனையால் மட்டும் இப்படி நேர்ந்ததென்று நான் சொல்லவில்லை. ஆயினும் ‘வழக்கமாக’ என்பதற்கும் ‘இடையறாது’ என்பதற்கும் நடுவே ஒரு மனிதன் விழுந்துவிடக்கூடிய பள்ளம் இருக்கிறது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சியோரைப் பின்னர் பார்ப்போமென்றது. அந்த ஒப்பந்த நாளாகிய அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இலேதான்.

இங்கிலாந்திலே 1982இல் ஸ்கார்மன் பிரபு இச்சொல்லுக்குத் தெளிவான விளக்கம் தந்தார். ஒருவர் தம் விருப்பத்தோடு, நிலைத்த நோக்கத்துக்காக, தம் வாழ்வின் ஒழுங்காக ஏற்றுக்கொண்ட உறைவிடமே அது. இடையே வெளியூர் போய்வருவதால் அது கெடாது என்பது அதன் சாரம்.

இவற்றையெல்லாம் வகுப்பிற் சொல்லி முடித்தேன். அந்த மாணவன் எழுந்து, “சேர், எங்க பூட்டன் 1940ல ஊருக்குப் போயி, பதினாலு மாசம் கழிச்சுத்தான் திரும்பி வந்தாராம். அவரு ஓர்டினரிலி எங்க இருந்தவரு?” என்று கேட்டான்.

“இங்கேதான், தம்பி” என்றேன்.