பட்டாளம் விட்டு வந்தோரும் பட்டப் படிப்பும்



மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்ற பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில், மழையை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல. அத்தகைய குடும்பத்தில் ஒரு மகன் பட்டாளத்தில் சேர்ந்தால், மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம் வீட்டையே தாங்கி நிற்கும். சுமார் பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய பின் அவர் ஊர் திரும்புகிறார். அப்போது வயது ஏறக்குறைய முப்பத்தைந்துதான். ஓய்வூதியம் உண்டு, உடலில் உரமும் உண்டு. எனினும் பலருக்குக் கிடைப்பது ஏதேனும் ஓர் ஆலையின் வாயிற்காவல் வேலையே. "மேற்கொண்டு படிக்கலாகாதா?" என்று கேட்டால், "பள்ளியில் நான் வாங்கிய மார்க்கு மிகக் குறைவாயிற்றே!" என்பார். அவருடைய இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டா என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

பொதுப் பணிச் சிப்பாயாகச் சேர்வதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், மொத்தத்தில் நூற்றுக்கு 45 மதிப்பெண்ணும் போதும் என்பது படை விதி. ஆகவே, பட்டாளத்துக்குப் போனவர்களில் பலர் நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மதிப்பெண் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அளந்த அளவு. அதற்குப் பின் அவன் கற்ற வரைபடம் பார்த்தலையும், இயந்திரம் பழுது பார்த்தலையும், கம்பியில்லாத் தந்தியையும், இந்தி மொழியையும், இன்னல் வேளையில் நிதானம் இழவாமையையும் அது அளக்கவில்லை.

அரசு கலைக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை வகுக்கிறார்கள் என்பது உண்மை. 1965-இல் தோன்றிய அரியலூர் அரசு கலைக் கல்லூரியும், பெரம்பலூரை அடுத்த குரும்பலூரில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியும் பாரதிதாசன் பல்கலைக் கழகத்தோடு இணைந்தவை. இவற்றில் எல்லோரும் நாடும் பாடம் கிடைக்காவிடினும், வேறு பாடம் கிடைக்கக்கூடும். அதுவும் இயலாதெனின், 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் இருக்கின்றன. இவற்றின் பொதுவான கலைப் பட்டப் படிப்புகளில் சேர்வதற்கு உயர்ந்த மதிப்பெண் தேவையில்லை. ஆகவே, குறைந்த மதிப்பெண் பாதையைச் சற்றுச் சுற்றாக்குமேயன்றி அடைத்துவிடாது.

பாதையை உண்மையில் அடைப்பவை வேறு இரண்டு. அவற்றைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, விடுபட்ட படி. பத்தாம் வகுப்போடு பட்டாளம் போனவர் பிளஸ் டூ எழுதியிருக்க மாட்டார். பத்து, பன்னிரண்டு ஆகிய இரண்டையும் முடித்தபின் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் பெற்ற பட்டத்தையே தன் அரசுப் பணிக்கு ஏற்பதாகத் தமிழக அரசு 2009-ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. படியைத் தாண்டிக் குதித்துப் பட்டம் வாங்கியவர், வேலை கேட்கும் நாளில் ஏமாற்றம் அடைவார். அதைக் காட்டிலும், முதலில் பிளஸ் டூ தேர்வைத் தனித்தேர்வராக எழுதி முடிப்பது நன்று.

இரண்டாவது, ஒரு சான்றிதழைப் பற்றிய மயக்கம். பள்ளி இறுதித் தேர்ச்சியும் பதினைந்து ஆண்டுப் படைச் சேவையும் உடைய முன்னாள் படைவீரரை, பட்டம் கேட்கப்படும் சில பதவிகளுக்குத் தகுதியுடையவராகக் கருதலாம் என்று 1986-இல் மத்திய அரசு ஆணையிட்டது. இதையொட்டி வழங்கப்பெறும் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "நானும் பட்டதாரிதான், எம்.ஏ. வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பவர் உண்டு. அவ்வாணை உத்தியோகத்தை முன்னிட்டு வகுக்கப்பட்டது. கல்வியை முன்னிட்டு வகுக்கப்பட்டதன்று. வேலைக்கு அது துணை செய்யலாம். மேற்படிப்புக்கு முறையான பட்டம் வேண்டும்.

இனி, பாதியில் நின்ற படிப்பு என்னாகும் என்ற வினா எழும். பணியிலிருக்கும்போதே அஞ்சல் வழியில் ஓராண்டு படித்து, இடமாற்றத்தால் நிறுத்தியவர் பலர். முன்பு அந்த ஓராண்டு பெரும்பாலும் வீணாகும். 2021-இல் பல்கலைக் கழக மானியக் குழு ஒரு புதிய ஏற்பாட்டை வகுத்தது. தேறிய பாடங்களுக்குரிய 'கிரெடிட்' என்னும் அலகுகளை, பாங்கியில் பணம் போடுவது போல மாணவர் பெயரில் சேமித்து வைத்து, வேறொரு பல்கலைக் கழகத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்பது அதன் கருத்து. ஆயினும், சேரப்போகும் பல்கலைக் கழகம் அவற்றை ஏற்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் இந்தக் கருத்து இன்னும் ஒரு படி முன்னேறியது. நான்காண்டுச் சேவைக்குப் பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே படையில் நீடிப்பர் என்று அப்போது கூறப்பட்டது. அவ்வீரர்களுக்கென வகுத்த பட்டப் படிப்பில், படையில் பெற்ற பயிற்சிக்கே பாதி அலகுகள் அளிக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். துப்பாக்கி ஏந்திய கை கற்றதும் கல்வியே என்பதை ஏட்டுக் கல்வி ஒப்புக்கொண்டதாகவே இதை நான் கருதுகிறேன்.

இத்தகையோர் கல்லூரியில் நிலைத்துப் படிப்பார்களா என்ற ஐயம் புதியதன்று. 1944-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போர் வீரர்களின் கல்விக்கு உதவும் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஹார்வர்டு, சிகாகோ பல்கலைக் கழகங்களின் தலைவர்களே, கல்வியின் தரம் குன்றிவிடும் என்று அஞ்சினர். 1947-இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னாள் வீரர். சுமார் 22 லட்சம் பேர் அவ்வுதவியால் கல்லூரி கண்டனர். அஞ்சியபடி ஒன்றும் நேரவில்லை. ஐயுற்ற ஹார்வர்டு தலைவர் கானன்ட்டே பின்னர் அவர்களை மெச்சினார். காலத்தின் அருமையை அறிந்தவன் பாடத்தின் அருமையையும் அறிவான் அல்லவா?

ஆயினும் இடர் இல்லை என்று நான் சொல்லேன். மறந்துபோன கணிதம் அச்சுறுத்தும். விரைந்து குறிப்பெடுக்கக் கை வணங்காது. பதினெட்டு வயதினர் நடுவே உட்காரக் கூச்சம் வரும். இவற்றுள் கடைசி இடரைப் போக்குவது உங்கள் கையில் இருக்கிறது. அத்தகைய ஒருவர் உங்கள் வகுப்புக்கு வந்தால், வேடிக்கை பார்க்காதீர்கள். 'அண்ணே' என்று அழைத்து அருகில் அமர்த்துங்கள். உங்கள் குறிப்பேட்டை அவருக்குக் கொடுங்கள். கணக்கை நீங்கள் சொல்லிக் கொடுத்தால், காலம் தவறாமையை அவர் உங்களுக்குக் கற்பிப்பார். உங்கள் ஊரில் விடுப்பில் வந்திருக்கும் வீரர் எவரேனும் இருந்தால், பணியிலிருக்கும்போதே பிளஸ் டூவை முடித்துவிடுமாறு இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல், வாயிற்காவலில் கழியவிருந்த ஒருவருடைய பிற்பாதி வாழ்வை வேறு வழியில் திருப்பக்கூடும்.