அனிதா பால்துரை: கூடைப்பந்தின் முன்னோடி

சென்னையில் 1985இல் பிறந்தவர். 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவியானார். ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடினார். அவருக்கு முன் எந்த இந்திய வீராங்கனையும் இதைச் செய்ததில்லை.

பெண்களுக்கென்று நிலையான தொழில்முறை லீக் இல்லாத நாட்டில் ஆட்டத்தோடு பிழைப்பையும் பார்க்க வேண்டும். இவருக்குக் கைகொடுத்தது தெற்கு ரயில்வே வேலை.

தாயான பிறகு பலர் ஒதுங்கிவிடுவார்கள். இவரோ திரும்பி வந்தார். பெங்களூரில் 2017 ஜூலையில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியாட்டம் நடந்தது. கஜகஸ்தானை 75–73 என்று இந்தியா வென்றது. இரண்டே புள்ளி வித்தியாசம்! அந்த வெற்றியால் அணி 'ஏ' பிரிவுக்கு ஏறியது.

2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.